மல்லாட்டைக்கு வந்த மின்சாரம்

காந்தப்புலத்தில் வைத்தால் மின்சாரம் காட்டும். மின்சாரம் கொடுத்தால் அதன் காந்தம் மாறும். இப்படி இரண்டு குணமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பொருளைச் செய்வதுதான் என் பிஎச்.டி. ஆராய்ச்சி. விழுப்புரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்களில். வீட்டில் யார் கேட்டாலும் இந்த இரண்டு வரியைச் சொல்லிவிடுவேன். உனக்குப் புரிந்ததா என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. நல்லவேளை.

பிஸ்மத் ஆக்சைடையும் இரும்பு ஆக்சைடையும் சேர்த்து அரைத்து, அழுத்தி, உலையில் சுட்டால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை வரும். இரண்டு முகத்திலும் வெள்ளிப் பசை தடவி, மின்காந்தத்தின் நடுவில் இரண்டு ஸ்பிரிங் ஊசிகளுக்கு இடையே அதை நிறுத்தி, காந்தப்புலத்தை லேசாக ஆட்டினால், வில்லையிலிருந்து சில மைக்ரோவோல்ட் வர வேண்டும். வந்தது. அமோகமாக வந்தது.

என் வழிகாட்டி திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். அந்த மே மாதத்தோடு அவருக்கு ஓய்வு. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் நான் வேறு வழிகாட்டியைத் தேடி, பதிவை மாற்றி, மறுபடி அலைய வேண்டும். என் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அப்பாவின் பொறுமையும் மே மாதத்தோடு தீர்ந்துவிடும் போலத்தான் இருந்தது.

வில்லையின் கலவையில் லாந்தனம் என்ற உலோகத்தைச் சேர்த்து அளந்தேன். அதே அளவு. இன்னும் சேர்த்தேன். அதே அளவு. சுடும்போது விரிசல் விட்ட வில்லைக்கும் அதே அளவு.

"எவ்ளோ ஸ்டேபிளா இருக்குது பாரும்மா!" என்றார் சார்.

எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. ஒன்று கூட வேண்டும், இல்லை குறைய வேண்டும். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்தார். இருந்த தெளிவும் போனது.

எனக்குக் கோபம் வந்தால் தலைகால் புரியாது. ஒரு மதியம் வில்லையைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வாங்கிய அவித்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், ஒன்றை உரித்து, பருப்பின் இரண்டு பக்கமும் பசை தடவி, ஊசிகளுக்கு நடுவில் செருகினேன்.

அதே மைக்ரோவோல்ட்.

சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம்தான் விஷயம் உறைத்தது. யாரிடமும் சொல்லாமல் பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கலாம். வெள்ளிப் பசை தடவியாகிவிட்டது. சாரிடம் போனேன்.

"சார், மல்லாட்டைக்கும் வருது சார்."

வந்து பார்த்தார். ஊசிகளிலிருந்து வோல்டேஜ் அளக்கும் கருவிக்குப் போகும் இரண்டு ஒயர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டும் அகண்டு வளையமா நிக்குது பாரு. காந்தம் ஆடறப்ப அதுலயே வோல்டேஜ் வருது. இவ்ளோ நாளா நாம ஒயரைத்தான் அளந்துக்கினு இருந்திருக்கோம்."

பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. 'விடும்மா, இதையெல்லாம் யார் பார்க்கப்போறாங்க' என்று அவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் போய்ச் சொன்னேனோ என்னவோ, இன்றுவரை தெரியவில்லை.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா" என்றார்.

அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். ஒயர்களை இறுக முறுக்கினேன். வளையம் மறைந்தது, மல்லாட்டை அடங்கியது. வில்லையும் கிட்டத்தட்ட அடங்கியது. மே மாதம் வந்தது, சாருக்குச் சால்வை போட்டார்கள். என்னை அதே துறையில் இன்னொருவரிடம் மாற்றினார்கள். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வில்லையில் மிச்சமிருந்த துளி மைக்ரோவோல்ட் நிஜமா, அதுவும் ஒயரின் வேலையா என்று மாதக்கணக்கில் குழம்பிக் கிடந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் சார் அவ்வப்போது பஸ் ஏறி வருவார். உட்கார அவருக்கென்று அங்கே நாற்காலி இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

ஒருநாள், "ஒயரைத் தொடாத. வில்லையை மட்டும் குப்புறத் திருப்பி வை. ஒயரோடதுன்னா அப்படியேதான் இருக்கும். வில்லையோடதுன்னா குறி மாறும்" என்றார்.

திருப்பி வைத்தேன். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தது. மறுபடி திருப்பினேன். போய்விட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருப்பித் திருப்பி வைத்தேன்.

"மல்லாட்டையையும் திருப்பிப் பார்த்துடு" என்றார் சார். பார்த்தேன். அதன் எண் அசையவில்லை.

பட்டம் கிடைத்ததும் ஆய்வேட்டின் ஒரு பிரதியைத் திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அட்டையில் வழிகாட்டி என்ற இடத்தில் வேறொருவர் பெயர். பல்கலைக்கழக விதி அப்படி. பஸ்ஸில் போகும்போதே அதற்கு என்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"சார், இதுல உங்க பேரு..."

"மல்லாட்டை கிராஃபு போட்டியா?"

"போட்டேன் சார். முதல் படமே அதுதான்."

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அட்டையைப் பார்க்காமல் அந்தப் பக்கத்தைத் தேடத் தொடங்கினார்.