நாலாவது பொத்தான்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு இது தெரியும். போன புதன்கிழமையும் அப்படித்தான் – தபால் முத்திரை தேடுகிறேன் என்று அலுமாரியைக் குடைந்துகொண்டிருந்தேன். முத்திரை கிடைக்கவில்லை. ஒரு சட்டை கிடைத்தது. பென்சிலால் கீறிய சட்டை!

கொப்பித் தாளில் வரைந்த ஒரு கைக்குழந்தைச் சட்டை. கழுத்தைச் சுற்றி ரேந்தைப் பின்னல். அதன் ஒவ்வொரு துளையும் தெரிகிறது. நெஞ்சுச் சுருக்கில் நூல் ஏறி இறங்கிய இடமெல்லாம் மெல்லிய நிழல். கை மடிப்பில் இரட்டைத் தையல் வேறு! என் மனைவிக்கு இப்படிக் கீற வருமா? ஏழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன்... எனக்குத் தெரியாதே!

ஒரே ஒரு குறை. பொத்தான் ஓட்டை நாலு. பொத்தான் மூன்றுதான். மறதி என்று நினைத்தேன்.

அவளுக்கு இப்போது எட்டாம் மாதம். இதைத் தைப்பித்துக் கொடுத்து அசத்தினால் என்ன? சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன். சரவணையில் தையல் கடை வைத்திருக்கும் செல்லத்துரை அண்ணை படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"தையல் தெரிஞ்ச ஆள்தான் கீறியிருக்கு. பிள்ளை எப்ப பிறந்தது, மாஸ்டர்?"

"அடுத்த மாசந்தான்..."

கத்திரிக்கோலை மேசையில் வைத்துவிட்டார். "அப்ப ஏலாது. பிறக்க முன்னம் துணி வெட்டுறேல்லை."

போன மாதம் இதே பக்கத்தில் சகுனம் பார்ப்பவர்களை ஒரு பிடி பிடித்திருந்தேனே? அதை அவருக்கு நினைவூட்டினேன்.

"ஓம், வாசிச்சனான். நல்லாத்தான் இருந்தது. என்ர கத்திரிக்கோல் வாசிக்கேல்லை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முறையிட்டேன். "பாத்தீரே, இந்தக் காலத்திலயும் இப்பிடி!"

அவள் சிரிக்கவில்லை. படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"போனமுறை நான் முதலே வெட்டித் தைச்சு வைச்சனான். மறந்திட்டியளே?"

பிள்ளை வீட்டுக்கு வராமலே போனதை நான் மறக்கவில்லை. சட்டை ஒன்று காத்திருந்ததைத்தான் மறந்துவிட்டேன்.

"இந்தமுறையும் கை சும்மா இருக்குதில்லை. வெட்டக்கூடாது எண்டுதானே சொல்லுறவை? கீறக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப அந்த நாலாவது பொத்தான்?"

"அது பிள்ளை வந்தாப் பிறகு. நீங்களே கீறுங்கோ."

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். அன்றிலிருந்து கதிரையில் உட்கார்ந்தால் வாசல் படலைக்குப் போகத் தோன்றுகிறது. படலைக்குப் போனால் அவள் முகத்தைப் பார்க்கத் தோன்றுகிறது. "என்னப்பா?" என்கிறாள். "ஒண்டுமில்லை" என்கிறேன். வேறென்ன சொல்வது?

சகுனத்தில் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் அந்த அலுமாரிப் பக்கம் போவதில்லை. பென்சிலை மட்டும் சீவி வைக்கிறேன். முனை மழுங்காமலே மறுபடியும் சீவுகிறேன்... முக்கால்வாசி தீர்ந்துவிட்டது.

பிள்ளை வரும்வரைக்குமாவது பென்சில் மிஞ்ச வேண்டும்!