அக்காவை ராதை என்றார்கள்

அக்காவின் கணவர் புவனகிரியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். 2005 கோடையில் ஒருநாள் கடையைப் பூட்டி, சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வந்த கடிதத்தில், பிருந்தாவனத்தில் கண்ணனிடம் வந்துவிட்டதாகவும் தேட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

அக்காவின் மகளுக்கு அப்போது பதினொரு வயது. இருவரையும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அக்கா ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் பஜனைக்குப் போவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ராதையின் பாட்டுகள் அவளுக்கு மனப்பாடம். கண்ணன் மதுராவுக்குப் போய்விடுகிறான், திரும்புவதில்லை. ராதை அவனைக் கூப்பிடுவதுமில்லை, தனக்கென்று எதையும் கேட்பதுமில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் மற்ற பெண்கள் இப்போது அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாம்மா எங்க ராதை" என்று அழுதார். அக்கா மெதுவாகக் கையை உருவிக்கொண்டு சுண்டல் கொடுக்கப் போய்விட்டாள்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. விட்டுவிட்டுப் போனவருக்கு அது வசதி என்று வீட்டில் சொன்னேன்.

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா.

2011இல் ஆனித் திருமஞ்சனத்துக்கு அவர் ஒரு கோஷ்டியோடு சிதம்பரம் வந்திருப்பதாக அந்த டீக்கடைக்காரர் போன் செய்தார். அந்த வாரம்தான் மகள் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக எல்லாத் தாள்களிலும் அக்காதான் கையெழுத்துப் போட்டுவந்தாள். இதை மட்டும் மகள் என்னிடம் நீட்டினாள்.

"அப்பாகிட்ட வாங்கிட்டு வாங்க மாமா. நான் வரல."

அக்காவும் நானும் பஸ்ஸில் போனோம். மேலவீதிக்குப் பின்னால் ஒரு சத்திரத்தில், கோஷ்டியின் சமையலுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மொட்டைத் தலை, துளசி மாலை. மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார்.

"நல்லா இருக்கீங்களா மாமா?" என்றாள் அக்கா.

அவர் எழுந்து நின்றார். "அங்க எல்லாரும் ராதா ராதான்னுதான் பேசுவாங்க. எனக்கு உன் ஞாபகந்தான் வரும்" என்றார்.

"ராதைக்குப் பொண்ணு கெடையாது மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாத ஒருவருக்குத் தகவல் சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். மகளின் மதிப்பெண்களை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வாங்கிப் பார்த்தேன். பிருந்தாவனத்து ஆசிரமத்தில் அவருக்கு வைத்த பெயர் இருந்தது.

"இது அவ அப்பா பேர் இல்லியே" என்றேன்.

"அந்தப் பேர விட்டுட்டேன் மச்சான். எழுதக் கூடாது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீங்க வரணும்னு கேக்க வரல. கேக்கவும் மாட்டேன். அவளுக்கு மட்டும் எப்பவாவது லெட்டர் போடுங்க" என்றவள், புறப்படும்போது, "கண்ணாடிய மாத்திக்குங்க" என்றாள். அவர் அழுதார். அவள் அழவில்லை.

திரும்பும்போது பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும், "கோவமே இல்லியா உனக்கு?" என்று கேட்டேன்.

"இருந்துது. அவர் வேணும்னும் இருந்துது. இப்ப அவர் நல்லா இருந்தாப் போதும்னு இருக்கு, அவ்ளோதான்." பையை மடியில் சரிசெய்துகொண்டாள். "பஜனைல இத சொல்லிடாத. மறுபடியும் ராதைன்னுவாங்க."

மகள் அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். யார் பெயர் என்று கேட்கவில்லை. மறுநாள் புது விண்ணப்பம் வாங்கி வந்தோம். அக்கா கையெழுத்துப் போட்டாள். மகள் சிதம்பரத்திலேயே இடம் கிடைத்து விடுதியில் சேர்ந்தாள்.

அடுத்த பொங்கல் முடிந்து, மகள் பெயருக்கு ஒரு போஸ்ட்கார்டு வந்தது. நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு என்று இரண்டே வரி. நான் அதை விடுதியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பதில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று அக்கா கேட்கவில்லை.