நடுப்பலகையில் அரை மணித்தியாலம்

குளத்து மீனவர் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பொன்னையாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அவன் என் தங்கை அழகம்மாவின் புருசன். அதனால் எனக்குத்தான் எல்லாம் தெரியுமாம். நல்லதாக நாலு வார்த்தை போதுமாம். ஐம்பத்தெட்டு வயது மனிதனிடம் நாலு நல்லது தேடி எடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் எங்கே தொடங்கினாலும் அந்தப் பழைய வள்ளம் வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். பிறகு என்னோடு ஒருவரும் கோபிக்கக் கூடாது.

எங்கள் குளம் கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரம். அதன் தண்ணீரில் நான் மூன்று ஏக்கர் நெல் விதைக்கிறேன். அதே தண்ணீரில் அவன் மீன் பிடிக்கிறான். எங்கள் இரண்டு பேருடைய தகப்பன்மாரும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள். எங்கள் பரம்பரையில் எவனும் வள்ளத்தில் ஏறியதில்லை. இவன்தான் ஒன்பது வருசத்துக்கு முன் முல்லைத்தீவுக்குப் போய், கடல்காரர் கழித்துவிட்ட ஒரு பைபர் வள்ளத்தை வாங்கி, உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அதன் முன்பக்கத்தில் ‘அந்தோனியார் துணை’ என்று எழுதியிருந்தது. அதை அழிக்க அவனுக்குப் பயம். கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் ‘முருகனும்’ என்று சேர்த்துவிட்டான். வருசா வருசம் இரண்டு பேருக்கும் புதுப் பெயின்ற் உண்டு.

ஆவணியில் சிறுபோக நெல் வெட்டு முடிந்து குளத்துத் தண்ணீர் இறங்கியதும் ஆளைப் பிடிக்க முடியாது. வள்ளத்தைக் கரைக்கு இழுத்து, நாலு பழைய டயருக்கு மேல் கவிழ்த்து வைத்துப் பாசி சுரண்டுவான். பிறகு விரல் முட்டியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பான். கணீர் என்றால் சுகம். பொத்தென்றால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது. ஊறிய இடத்தைச் சுரண்டி எடுத்து, பைபர் துணி வெட்டி வைத்து, பசை பூசி, காய்ந்ததும் தேய்ப்பான். என் தங்கை காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவன் இப்படிக் காதை வைத்துக் கேட்டதில்லை.

இத்தனைக்கும் ஊரிலேயே திலீபன் இருக்கிறான். பைபர் வேலை படித்தவன், இரண்டே நாளில் முடித்துத் தருவான். பொன்னையா கொடுக்க மாட்டான்.

“தன் கையே தனக்குதவி மச்சான். அவன் செய்தால் எங்க ஓட்டை இருந்தது எண்டு அவனுக்குத்தான் தெரியும். நடுக்குளத்தில நிக்கிறது நானெல்லோ?”

அந்தக் கை உதவிய அழகைக் கேளுங்கள். முதல் வருசம் பசையை இறுக வைக்கும் மருந்தைச் சொட்டுக் கணக்கில் விடாமல், குழம்புக்குப் புளி விடுகிற மாதிரி விட்டான். பசை கலந்த மாஜரின் பேணி கையிலேயே கொதித்துப் புகைந்தது. இரண்டாம் தரம் மருந்தைச் சரியாகத்தான் கலந்தான். ஆனால் வள்ளத்துக்குள் குந்தியிருந்து சுற்றிவரப் பூசியவன், பின்னால் பூசியிருந்ததை மறந்து அதன்மேல் வசதியாகக் குந்திவிட்டான். எழும்பப் பார்த்தால் இடுப்பில் கட்டியிருந்த சாரம் கூட வரவில்லை. அழகம்மா கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டித்தான் ஆளை மீட்டாள். அந்த நீலக்கோட்டுச் சாரத்துண்டு இன்றைக்கும் நடுப்பலகைக்குக் கீழே தரையோடு தரையாக இருக்கிறது. அதற்கு மேலும் இரண்டு பூச்சுப் பூசி, “வள்ளத்தில அதுதான் பலமான இடம்” என்கிறான் வெட்கமில்லாமல்.

நான் ஒவ்வொரு ஆவணியும் குடையோடு போய் நின்று, “உந்த வள்ளத்தை வித்துப்போட்டு என்ர வயலுக்கு வாவன். ஒரு நாளைக்கு மீனுக்குத்தான் நீ சாப்பாடு” என்பேன். அவன் தேய்க்கிற கையை நிறுத்தாமல், “ஓம் மச்சான், பாப்பம்” என்பான். ஒன்பது வருசமாக இதுதான் எங்கள் கதை.

இந்த வருசம் விசயம் விளையாட்டில்லாமல் போனது. சங்கத்துச் செயலாளராகச் சுகந்தினி வந்தாள். கண்டிப்பான பிள்ளை. பழைய வள்ளங்களை எல்லாம் ஐந்து பேரை ஏற்றிச் சோதிப்பதென்று கூட்டத்தில் முடிவாகியது. வள்ளம் அரை மணித்தியாலம் மிதக்க வேண்டும். பிறகு அவள் தரையைக் கையால் தடவிப் பார்ப்பாள். ஈரம் பட்டால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் குளத்தில் இறங்க முடியாது. பொன்னையாவுக்கு வேறு தொழில் தெரியாது. வேறு வள்ளம் வாங்கவும் வழியில்லை. என் வயல்தான் மிச்சம்.

பதினெட்டு நாள் வேலை செய்தான். முடிவில் வள்ளத்தை நிமிர்த்தி வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து உள்ளே நிரப்பிவிட்டு, தான் கீழே படுத்துக்கொண்டு எங்கேயாவது சொட்டுகிறதா என்று பார்த்தான். ஊருலகமெல்லாம் குளத்தில் வள்ளத்தை விடும். இந்த மனிதன் வள்ளத்துக்குள் குளத்தை விட்டான்! நான் சிரித்த சிரிப்பில் அழகம்மா எனக்கு அன்றைக்குத் தேத்தண்ணி தரவில்லை. “ஒரு சொட்டு இல்லை மச்சான்” என்று அவன் சத்தியம் பண்ணினான். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவனோடு வாதாடாமல் நான் விட்டுவிட்டேன்.

சோதனையன்று காலை அழகம்மா என்னிடம் ஒரு போத்தல் தந்தாள். சீனி போட்ட இஞ்சிப் பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி, நன்றாக ஆறியது. பொன்னையாவுக்கு அப்படிக் குடித்தால்தான் பிடிக்கும். வழியில் நானே அரைவாசியைக் குடித்துவிட்டுப் போத்தலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். போய்ப் பார்த்தால் ஏற வேண்டிய ஐந்து பேரில் ஒருவர் வரவில்லை.

சுகந்தினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஐயா, நீங்கள் ஏறுங்கோ. உங்கட பாரத்துக்கு ரெண்டு பேர் கணக்கு.”

“எனக்கு நீந்தத் தெரியாது, பிள்ளை!”

“அப்ப இன்னும் நல்லது. பயந்தவர்தான் ஒழுக்கை முதல்ல காணுவார்.”

பலகை போட்டு, காலைத் துடைத்து, ஒவ்வொருவராக ஏறினோம். முன்னால் சுகந்தினி, பின்னால் துடுப்போடு பொன்னையா, இடையில் திலீபனும் இன்னொரு உறுப்பினரும். நடுப்பலகையில் நான். பையைக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு, அந்தோனியாரையும் முருகனையும் சேர்த்தே கும்பிட்டேன்.

இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கீழே பார்த்தேன். அந்தச் சாரத்துண்டின் ஓரத்தில் மண்ணிறமாக ஒரு கோடு தண்ணீர். பார்த்துக்கொண்டிருக்கவே அது உள்ளங்கை அளவு ஆகியது. குளத்துத் தண்ணீரும் இந்த மாதத்தில் அதே நிறந்தான். ஐயோ, ஒழுகுகிறது!

கத்தியிருக்க வேண்டும். எனக்கு உயிர்ப்பயம். ஆனால் வாய் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், பொன்னையா திலீபனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி.

எனக்கு நாலு வருசத்துக்கு முந்திய வறட்சி ஞாபகம் வந்தது. குளம் வற்றி விதைப்பும் இல்லை, அவன் இரண்டு மாதம் என் வயலில் வரம்பு கட்டக் கூலிக்கு வந்தான். என் குசினியில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து சாப்பிடுகிறவன், அந்த இரண்டு மாதமும் வேலையாட்களோடு வரம்பில் இருந்து சாப்பிட்டான். கூப்பிட்டாலும் உள்ளே வரவில்லை. ஒருநாள் அவர்களோடு சேர்ந்து அவனும் என்னை ‘முதலாளி’ என்றான். நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகும் நான் வயலுக்கு வா, வயலுக்கு வா என்றதெல்லாம் அவன் வரமாட்டான் என்ற தைரியத்தில்தான்.

மெதுவாக வலது காலைத் தூக்கி அந்த ஈரத்தின்மேல் வைத்து அழுத்தினேன். ஓட்டையை அடைக்கிறேனாம்! மிச்சப் பத்து நிமிடமும் காலை எடுக்கவில்லை.

சுகந்தினி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, முன்பக்கத்திலிருந்து தரையைத் தடவிக்கொண்டு வந்தாள். என் காலடியில் நின்றாள்.

“ஐயா, காலை எடுங்கோ.”

“காலில வாதம் பிள்ளை. தூக்க ஏலாது.”

“வலக்காலிலயோ? போன கிழமை இடக்கால் எண்டெல்லோ சொன்னீங்கள்?”

திலீபன் எட்டிப் பார்த்தான். பொன்னையாவின் துடுப்பு நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் காலைத் தூக்கினேன். தரையோடு ஒட்டியிருந்த கால் சத்தத்தோடு கழன்று வந்தது. அவள் விரலை வைத்துப் பார்த்தாள், மணந்தாள், பிறகு என் பைக்குள் கையை விட்டுப் போத்தலைத் தூக்கினாள். மூடி சரியாகப் பூட்டப்படவில்லை.

“இது குளமில்லை ஐயா, இஞ்சிப் பிளேன்ரீ!”

சிரிப்பில் வள்ளம் கவிழப் பார்த்தது. சுகந்தினி துணியால் துடைத்துவிட்டு, எல்லோரையும் இன்னும் கால் மணித்தியாலம் இருக்க வைத்து, மறுபடி தடவினாள். சொட்டு ஈரம் இல்லை. கொப்பியில் கையெழுத்து வைத்தாள். திலீபன் குனிந்து அந்தச் சாரத்துண்டை முட்டியால் தட்டினான். கணீர் என்றது.

எல்லோரும் சிரித்தார்கள், பொன்னையா சிரிக்கவில்லை. கரைக்கு வந்து மற்றவர்கள் போகும்வரை பொறுத்திருந்தான்.

“மச்சான், வள்ளம் ஒழுகுது எண்டுதானே நினைச்சனீங்கள்?”

“ஓம்.”

“உங்களுக்கு நீந்தவும் தெரியாது.”

“தெரியாதுதான்.”

“அப்ப ஏன் காலை வைச்சனீங்கள்?”

“கால் வழுக்கிப் போச்சு” என்றேன்.

அவன் என் காலைப் பார்த்துவிட்டு, போத்தலில் மிச்சமிருந்த ஒரு வாய்த் தேத்தண்ணியைக் குடித்தான்.

“வாற ஆவணிக்குத் தேய்க்கிறதுக்கு வாங்கோ. ஒரு ஆள் போதாது. பாத்து மட்டும் குந்துங்கோ, அழகம்மாட்ட கத்தரிக்கோல் ஒண்டுதான் இருக்கு.”

“வாறன். கூலி என்ன தருவாய்?” என்றேன், என் வாய் சும்மா இராமல்.

“மச்சான்மாருக்கு ஆரும் கூலி குடுக்கிறதோ?” என்றான் பொன்னையா.