நாக்கு மேடம்

லிஃப்ட்காரருக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும், ஆனால் சமைக்கும்போது ஒரு சொட்டுகூட வாயில் வைக்க மாட்டார். அது அவர் வீட்டுச் சட்டம். கல்யாணமான புதிதில் ஒருநாள் சூப் வைக்கிறேன் பேர்வழி என்று கரண்டி கரண்டியாக ருசி பார்த்தே பாதிப் பானையைக் காலி செய்துவிட்டார். வேலை முடிந்து பசியோடு வந்த மனைவி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"சமைக்கிறதும் நீங்க, சாப்பிடறதும் நீங்கன்னா நான் எதுக்கு? பாத்திரம் கழுவவா?" என்று கேட்டாள்.

அன்றைக்குச் சிரித்துக்கொண்டே போட்ட சட்டம்தான். சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது, முதல் கரண்டி மற்றவருக்கு. இருவருக்கும் பொது என்றுதான் பேச்சு. ஆனால் அவருக்கு விடிகாலையில் வேலை தொடங்கி மதியத்துக்கு மேல் முடிந்துவிடும். அவள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அதனால் சமையல் முழுக்க அவர் கைக்குப் போயிற்று, நாக்கு முழுக்க அவளுடையதாயிற்று. கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கரண்டியை ஏந்திக்கொண்டு, "நாக்கு மேடம், கொஞ்சம் வாங்க" என்பார். அவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாயைத் திறப்பாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசிப்பாள். பிறகு தீர்ப்பு வரும்.

"இன்னும் ஒரு சிட்டிகை உப்பு."

அல்லது, "எலுமிச்சை போட்டீங்களா, இல்ல பானைக்குக் காட்டிட்டு எடுத்து வெச்சிட்டீங்களா?"

அவர் மறுபேச்சுப் பேச மாட்டார். வேலையிடத்தில் பெரிய மேலாளர் வந்து சொன்னாலும் நான்கு கேள்வி கேட்கிற மனுஷர், மனைவியின் நாக்குக்கு மட்டும் அப்படிக் கட்டுப்படுவார்.

அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறவள். நீள மேசையில் அடுக்கடுக்காய்த் துணியைப் பரப்பி, சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டும் இயந்திரத்தை நூல் பிசகாமல் ஓட்டுவாள். அவருக்கு உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கும் வேலை. மொட்டை மாடி மோட்டார் அறையில் கிரீஸோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும், எலுமிச்சைத் தோலும் சோப்பும் போட்டு நகக்கண் வரை தேய்த்த பிறகுதான் மாவில் கை வைப்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசிப் பேசி ஓய்ந்து, அவரவர் வேலையைப் பார்க்கப் போய் வெகுகாலமாகிவிட்டது. இழுத்து மூடப்பட்ட ஒரு பேக்கரியிலிருந்து அடிமாட்டு விலைக்கு ரொட்டி சுடும் மின்அடுப்பு ஒன்று வாங்கி வந்தார்கள். அதன் கதவு சரியாக மூடாது. லிஃப்ட் கதவிலிருந்து கழித்துப்போட்ட ஸ்பிரிங் ஒன்றை மாட்டி அதை வழிக்குக் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அடுப்புக்கு ஓய்வே கிடையாது. பால் ரொட்டி, உலர்திராட்சை பன், எலுமிச்சை கேக் என்று ஏதாவது வெந்துகொண்டே இருக்கும். சமையலறை ஜன்னலோரம் கிடக்கும் சின்ன மேசையில் முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மொறுமொறுப்பான ஓரம் அவருக்கு, மெத்தென்ற நடுப்பகுதி அவளுக்கு. சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல், அடுத்த வாரம் என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். வயிறு நிறைந்த பிறகும் சாப்பாட்டைப் பற்றியே பேச முடியுமா என்றால், அவர்களால் முடிந்தது. சந்தோஷமாக இருந்தார்கள் என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் சூப்பில் உப்புக் கரித்தது. மேடம் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி, அவர் போட்ட உப்புதான். மேசையில் உட்கார்ந்து முதல் வாய் குடித்ததும் அவருக்கு முகம் சுளித்தது. எதிரே பார்த்தார். அவள் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தாள். அவரும் குடித்தார். மறுநாள் அவித்த பீன்ஸ் கரித்தது. அதற்கடுத்த வாரம் கோழி வறுவலில் உப்பே இல்லை, அன்றைக்கும் அவள் "சரியா இருக்கு" என்றுதான் சொன்னாள்.

இந்த இடத்தில் வேறு எந்த மனுஷனாக இருந்தாலும், "என்னடி ஆச்சு உனக்கு?" என்று கேட்டிருப்பான். இவர் கேட்கவில்லை. அந்த நாக்கு தப்பும் என்று அவருக்கு நினைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்போதுதான் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்க ஆரம்பித்திருந்தார். அந்த மாத்திரை சிலருக்கு வாய் ருசியைக் கெடுத்துவிடும் என்று கூட வேலை செய்கிறவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. சரி, நம் நாக்குதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார். சொன்னால் அவள் கவலைப்படுவாள் என்று வாயை மூடிக்கொண்டு கரித்ததையும் சப்பென்று இருந்ததையும் தின்றார். ஏன் தின்றாய் என்று கேட்டு அந்த மனுஷனை உலுக்க வேண்டும் போல இருக்கிறது. உலுக்கி இனி என்ன ஆகப்போகிறது?

அவளுடைய அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாள். ஒரு வாய் மீனைத் தின்றுவிட்டுத் தண்ணீர்க் குவளையைத் தேடினாள்.

"என்னடி இது, இவ்வளவு உப்பு?"

"உனக்குத்தான் பிரஷர் இருக்கே, எல்லாம் உப்பாத்தான் தெரியும்" என்றாள் தங்கை, வெடுக்கென்று.

அக்கா லிஃப்ட்காரரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க, உப்பு தூக்கலா இல்லையா?"

"எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்றார் அவர்.

வேறு என்ன சொல்வார்? தானும் மாத்திரைக்காரர், அக்காவும் மாத்திரைக்காரி, ஆக இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு என்று கணக்குப் போட்டுக்கொண்டார். அக்கா பாதி மீனை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். இன்னொரு நாள் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது பால் பொங்கித் தீய்ந்து வீடெல்லாம் ஒரே வாடை. அவளுக்கு அன்று விடுமுறை. அடுப்புக்குப் பக்கத்திலேயே, முதுகைக் காட்டி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். "போன் பேசிட்டே இருந்தேன், கவனிக்கல" என்றாள். அதையும் நம்பினார்.

அவராக மருத்துவரிடம் போனார், தன் நாக்கைக் காட்ட. மருத்துவர் நடுவயதுப் பெண். கண்ணை மூடச் சொல்லி, நாக்கில் ஒவ்வொரு சொட்டாக விட்டு என்னவென்று கேட்டார். உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு, எல்லாவற்றையும் தயங்காமல் சொன்னார். காப்பித்தூளை மூக்கருகே காட்டியதும் அதையும் சொன்னார்.

"உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லையே" என்றார் மருத்துவர். "எதை வெச்சு நாக்கு கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க?"

"வீட்டுக்காரி சரின்னு சொல்றது எனக்கு உப்பாத் தெரியுதுங்க."

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "அவங்களுக்கு வாசனை தெரியுதா? தலைவலி ஏதும் இருக்கா?"

அவளிடம் அவர் அதையெல்லாம் கேட்டதே இல்லை. லிஃப்ட் தப்பான மாடியில் நின்றால் முதலில் மாடியைக் கண்டுசொல்லும் சென்சாரைத்தான் பார்ப்பார், மோட்டாரை அல்ல. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவர் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். வீட்டில் மட்டும் அது அவர் புத்திக்கு எட்டவில்லை. பேருந்தில் திரும்பும்போது தீய்ந்த பால் ஞாபகம் வந்தது.

அன்று மாலை காரட் சூப் வைத்தார். உப்புப் போடவில்லை. சர்க்கரையைக் கைநிறைய அள்ளிப் போட்டுக் கலக்கினார். கதவு திறந்தது.

"நாக்கு மேடம், கொஞ்சம் வாங்க."

அவள் வந்தாள், கண்ணை மூடினாள், யோசித்தாள். எப்போதும் யோசிக்கிற அதே நேரம்.

"சரியா இருக்கு. இன்னிக்கு நல்லா வந்திருக்கு" என்றாள்.

அவர் கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. சூப்பில் விரலைத் தோய்த்து, பிசுபிசுக்கிறதா என்று தேய்த்துப் பார்த்தாள்.

"என்ன போட்டீங்க?"

"சர்க்கரை."

பிறகு சண்டை வந்தது. அவர்கள் போட்ட சண்டைகளிலெல்லாம் பெரிய சண்டை அதுதான்.

"எத்தனை நாளா இப்படி?"

"மழைக்கு முன்னாடியிருந்து. முதல்ல சளின்னு நினைச்சேன். அப்புறம் விடவேயில்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"நான் உள்ள நுழையும்போதே கரண்டியோட நிப்பீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்து, நீங்க சமைக்கிறது எனக்கு மண்ணு மாதிரி இருக்குன்னு எப்படிச் சொல்றது? சரி, நீங்க ஏன் கேக்கல? உங்களுக்குத்தான் உப்பு தெரிஞ்சுதே."

"என் நாக்குதான் போச்சுன்னு நினைச்சேன்."

"உப்பை அள்ளித் தின்னுட்டு, உங்க நாக்கு போச்சுன்னு நினைச்சீங்களா? அவ்வளவு பெரிய மடையனா நீங்க?"

"ஆமா" என்றார் அவர். "நீ சரின்னு சொன்ன. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து இருவரும் அழுதார்கள். எழுந்து முகம் கழுவிய பிறகு அவர் சொன்னார், "இனிமே இந்த மேசையில பொய் கிடையாது. நல்லதோ கெட்டதோ, இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிடணும்."

அவளும் தலையாட்டினாள்.

தலையைப் படம் எடுத்துப் பார்த்ததில் உள்ளே கட்டி. மூக்குக்கு மேலே தொடங்கி, வாசனையும் ருசியும் அறிகிற இடங்களை அழுத்தியபடி பின்பக்கமாக வேர் விட்டிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். முழுவதையும் எடுக்க முடியவில்லை. ஆபரேஷன் செய்தவர் லிஃப்ட்காரரை மட்டும் நடைபாதைக்குத் தனியே அழைத்துப் பேசினார். மிச்சம் வளரும், நிறுத்த வழியில்லை என்றார். கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றும் சொன்னார். அந்த டாக்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை லிஃப்ட்காரர் படுக்கையிலும் பேருந்திலும் மோட்டார் அறையிலும் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா ஒதுக்கி வைத்த அந்தப் பாதி மீன் கண்முன் வந்து நிற்கும். அன்றைக்கு வாயைத் திறந்து, "ஆமா, கரிக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்ட நாட்களும் உண்டு.

அவளிடம், "போகப்போகப் பார்க்கலாம்னு சொன்னாங்க" என்று சொல்லி வைத்தார். அதை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே சொன்னார், மேசையில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் சமைத்தார். இப்போது ருசி பார்க்க வேண்டியது அவர். அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து மேசையில் உட்காருவாள். ஒரு வாய் வாங்கி மென்றபடி, "சொல்லுங்க" என்பாள். அவர் தின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"உப்பு சரி. உருளைக்கிழங்கு வெந்திருக்கு."

"லிஃப்ட் ரிப்போர்ட் மாதிரி படிக்காதீங்க. ருசியைச் சொல்லுங்க."

அவர் திணறுவார். பேச்சில் கெட்டிக்காரர் இல்லை அவர். ஆனாலும் கற்றுக்கொண்டார். வெண்ணெய் முதலில் தெரிகிறது, அப்புறம் ஓரமாகக் கொஞ்சம் தீய்ந்த வாசனை, விழுங்கிய பிறகு தொண்டையில் மிளகு நிற்கிறது என்று தேடித் தேடிச் சொல்லுவார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே மெல்லுவாள். சில நாள் சிரிப்பாள். "இப்ப நல்லா இருக்கு" என்பாள். ஒரு தடவை எலுமிச்சை கேக் நடுவில் வேகாமல் போய்விட்டது. அதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

"களி மாதிரி இருக்கு."

"நல்ல வேளை, எனக்குத் தெரியல" என்றாள் அவள். அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பிறகு அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. எழுத்து கலங்கலாகத் தெரிகிறது என்றாள். தையல் கூடத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, கதவுக்கு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பால் ரொட்டி சுட்டிருந்தார். நடுவிலிருந்து மெத்தென்று பிய்த்து அவள் தட்டில் வைத்தார். அவள் அதைத் தொடாமல் அவரையே பார்த்தாள்.

"இந்த மேசையில பொய் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"எனக்குச் சரியாயிடுமா?"

"முதல்ல சாப்பிடு, ஆறிடும்."

"ஆறட்டும். சொல்லுங்க."

ரொட்டிக் கத்தியின் பிடியை அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

"ஆகாதுன்னு சொன்னாங்க."

"எப்ப?"

"ஆபரேஷன் அன்னிக்கே. உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாங்க. என்னாலதான். நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்."

அவள் அழுதாள். ரொம்ப நேரம் அழவில்லை. நடுங்குகிற கையை நீட்டி அவர் கையின் மேல் வைத்தாள்.

"நானும்தானே சொல்லல" என்றாள்.

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரொட்டியில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள்.

"சரி, சொல்லுங்க. எப்படி இருக்கு ரொட்டி?"

அவரும் ஒரு துண்டை எடுத்து மென்றார். ஒன்றும் தெரியவில்லை. பால் தெரியவில்லை, வெண்ணெய் தெரியவில்லை, உப்பு தெரியவில்லை. பஞ்சை மெல்வது போல் இருந்தது. பால் ரொட்டியைப் பற்றிச் சொல்ல அவரிடம் இப்போது வார்த்தைக்குப் பஞ்சமில்லை. நினைத்திருந்தால் அழகாகச் சொல்லியிருக்கலாம். அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலம்மா" என்றார்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"பரவாயில்ல" என்றாள். "மெதுவா மெல்லுங்க."