அலசிய பாசி

வத்தை என்கிற எங்கள் சின்னப் படகில் அன்றைக்கு இருந்தது நான்கு பேர். பின்னால் சுக்கான் பிடித்தபடி என் அண்ணன். நடுப்பலகையில் அண்ணனின் மனைவி, என் மதினி. முன்னால் இரும்புச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்த அம்மா. அவருக்கும் மதினிக்கும் நடுவில், வத்தையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நான். முன்முனையான அணியத்தில் ஒட்டியிருந்த அந்தோணியார் படத்தையும் சேர்த்தால் ஐந்து என்று அண்ணன் சொல்வார். வேறு யாரும் இல்லை. பிற்பாடு எங்கள் கரையில் அந்த அம்மா ஒளிந்திருந்து படம் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிட்டதாகப் பேசினார்கள். அப்படி நடக்கவில்லை. அதனால்தான் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பயந்த சுபாவம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னைப் பெற்றவளோடு கடல்பாசி எடுக்கக் கடலில் இறங்கியவள். இத்தனை வருஷம் முங்கியும் பயம் தெளியவில்லை. அன்றைக்கும் மண்ணெண்ணெய் இருக்கிறதா, கயிறு இருக்கிறதா, காற்று திரும்புமா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். “இவ பயந்த பயத்துக்கு இந்நேரம் கடலே வத்திருக்கணும்” என்றார் அண்ணன். ஆராய்ச்சி அம்மா சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மதினிக்குக் காது கெட்டுப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாசிக்காக முங்குகிற எங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காதில் ஏதாவது இருக்கும். மதினிக்குச் சீழ் வைத்து, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில், இனி முங்கினால் மிச்சமிருக்கிற கேள்வியும் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் கம்பெனிப் பாசி வந்தது. எங்கோ வெளிதேசத்துக் கடலில் இருந்து கொண்டுவந்த பாசி. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, விரல் நீளத்துக்கு ஒடித்த துண்டுகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிவிட வேண்டும். ஒன்றரை மாதத்தில் புதராக வளரும். அறுத்துக் காயவைத்தால் கம்பெனி வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே செய்கிற வேலை, தலை நனையாது. மகளிர் குழுவில் மதினியும் சேர்த்து ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டு பேங்கில் கடன் வாங்கி மிதவை போட்டார்கள். மதினிக்கு அந்த மிதவைதான் காது.

ஆராய்ச்சி அம்மாவை நாங்கள் டீச்சர் என்றே கூப்பிட்டோம். நான் டீச்சர் இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். அவருடைய அய்யாவின் புஞ்சையைச் சீமைக்கருவை தின்றதைப் பார்த்து வளர்ந்தவர். வேறிடத்தில் இருந்து வந்த ஒரு செடி, இங்கே இருக்கிறதையெல்லாம் எப்படி அமுக்கிவிடுகிறது என்பதுதான் அவர் படிப்பு. சுனாமிக்கு முன்னாலிருந்தே எங்கள் தீவுப் பக்கம் வந்துகொண்டிருந்தார். பாரின் மேல், அதாவது பவளப்பாறையின் மேல், இரும்புச் சட்டத்தை வைத்து அதற்குள் எத்தனை வகை மீன், நண்டு, கடலட்டை, சங்கு என்று எண்ணுவார். வருஷா வருஷம் அதே இடங்கள். கம்பெனிப் பாசி வருவதற்கு முன் எண்ணியது ஒன்று. வந்த பிறகு எண்ணுவது வேறு ஒன்று. அந்த வேலைக்கு அவரோடு முங்கிக்கொண்டிருந்தது நான்.

அந்தப் பாசி பாரில் ஏறுகிறது, மிதவையைத் தடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு அப்போதே கரையில் அடிபட்டது. “என்னதேன் எண்ணுறாகன்னு நானும் பாக்குறேன்” என்று மதினி வத்தையில் ஏறிவிட்டார். காதில் பஞ்சை அடைத்து, ஒரே ஒரு முங்கு என்று சொன்னார். டீச்சர் வேண்டாம் என்றார். நானும் கெஞ்சினேன். மதினி பனியனைச் சேலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

நேரமாயிற்று. நான் அந்தோணியாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்தபோது மதினியின் கையில் அணைக்கிற அளவுக்குக் கம்பெனிப் பாசி இருந்தது. மூச்சு வாங்கியது. டீச்சர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். கொடுப்பதற்கு முன்னால் மதினி பாசியைத் தண்ணீரில் முக்கி உதறினார், திருப்பிப் போட்டு மறுபடி உதறினார். மண்ணும் சின்ன நண்டும் போகட்டும் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது. சோற்றுக்கு அரிசி களைகிற மாதிரி கை தானாகச் செய்யும். விரல் விரலாகத் துண்டுகள் உடைந்து, நீரோட்டத்தோடு அடுத்த பாரை நோக்கிப் போயின.

நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, டீச்சர் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தார்.

“அக்கா, மிதவையில அறுக்கும்போதும் இப்படித்தான் அலசுவீகளா?”

விரல் நீளத் துண்டு போதும், முளைத்துவிடும் என்று எங்களுக்குத் தெரியாதா? அதைத்தானே கயிற்றில் கட்டுகிறோம். ஆனால் காசாகாமல் தண்ணீரோடு போகிற துண்டும் எங்கேயோ போய்ப் பிடிக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. டீச்சர் கேட்ட பிறகுதான் எனக்கும் விளங்கியது. நான் மதினியின் முதுகுக்குப் பின்னால் மெதுவாக, “சொல்லாதீக மதினி” என்றேன்.

மதினி திரும்பினார். “என்ன?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

டீச்சருக்கு நான் சொன்னது கேட்டிருந்தது. அவர் தலையைக் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டார். நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

மதினி டீச்சர் பக்கம் திரும்பினார். “அலசாம எப்புடி டீச்சர்? மண்ணோட போட்டா எடையில கழிச்சுருவாக. அம்புட்டுப் பேரும் இப்புடித்தேன் அலசுறோம், மிதவை போட்ட நாள்லருந்து.”

கரைக்கு வந்தோம். வத்தையைக் கட்டிய பிறகு டீச்சர் மதினியின் எதிரில் நின்று, வாயசைவு தெரியும்படி, தன்னால் இதை எழுதாமல் இருக்க முடியாது, எழுதினால் மிதவை நிற்காது என்று சொன்னார்.

“கீழ கல்லே தெரியலை டீச்சர்” என்றார் மதினி. “நான் பிடிச்சு நிப்பேன்ல ஒரு கல்லு, அதையே காணோம். போர்வையப் போத்துன மாதிரி கெடக்கு. உள்ள கையை விட்டுத் துழாவுனேன், ஒரு நண்டு ஓடலை.” சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, “எழுதுனா எழுதுங்க. எனக்கா வாசிக்கத் தெரியும்?” என்றார்.

எழுதினார். அவர் எழுதியதால் மட்டும்தானா, வேறு யாரும் எழுதினார்களா, எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் மிதவை போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. கம்பெனி வண்டி வருவது நின்றது. மூங்கில்கள் ஆட்டுக்கொட்டகைக்குப் போயின. பேங்குக்காரர் மட்டும் மாதாமாதம் வந்தார்.

பிறகு பாரில் ஏறிய பாசியைப் பிடுங்குவதற்குச் சர்க்காரில் கூலி ஆள் எடுத்தார்கள். நட்ட கைகளே பிடுங்கப் போயின. அலசக் கூடாது, உதறக் கூடாது, அப்படியே சாக்கில் போட்டு வத்தையில் ஏற்ற வேண்டும் என்று டீச்சர் ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். மதினியை முங்கவே விடவில்லை, கரையில் உட்கார்ந்து சாக்கைப் பார்த்துக்கொண்டால் போதும், அதே கூலி என்றார். மதினி சில நாள் உட்கார்ந்தார். அப்புறம் பனியனை எடுத்து மாட்டிக்கொண்டார். சும்மா உட்கார்ந்து வாங்குகிற காசு கடனுக்கு ஒட்டாது என்றார். டீச்சர் தன் கைக்காசைக் கொண்டுவந்தபோதும் இதையேதான் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

முதலில் இடது காது போயிற்று. அடுத்த கச்சான் காற்றுக் காலத்தில் வலதும் போயிற்று. பிடுங்கிய இடத்தில் பார் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது. சில இடத்தில் திரும்பவும் பாசி ஏறியது. டீச்சர் சட்டத்தை வைத்து எண்ணிவிட்டு, எண்ணியதைச் சொல்லாமல் மேலே வருவார். நானும் கேட்பதில்லை.

ஒருநாள் சாயங்காலம் மதினியும் நானும் வலைத்துண்டைத் தைத்துக்கொண்டிருந்தோம். காது போனவர்கள் பேசுகிற சத்தமான குரலில் திடீரென்று சொன்னார். “அன்னைக்கு வத்தையில நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு புள்ள.”

பிறகு ஏன் திரும்பி ‘என்ன’ என்று கேட்டீர்கள் என்று கையாலேயே கேட்டேன்.

“டீச்சருக்கு முன்னால நீ மறுபடி சொல்லுவியான்னு பாத்தேன். உனக்கே வாய் வரலை. மறைச்சுப் பேச எனக்கு மட்டும் எப்புடி வரும்?”

ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உருவிக்கொண்டு, வேலையைப் பார் என்று வலையைக் காட்டினார்.

இப்போது மதினி முங்குவதில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் முங்குகிறேன், பயந்துகொண்டே. சில நாளாக எனக்கும் ஒரு காதில் இரைச்சல் இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மிதவைக் கடனில் மதினி பேரில் இன்னும் நிற்பது நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.