இறால் எனக்கு ஒத்துக்கொள்ளும்

நான் பொய் சொன்னேன். முதலாண்டு மாணவிகள் நிறைந்த அரங்கில், கையில் மைக்கோடு, ஒரு தாயின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று!

ஒத்துக்கொள்ளும். காசிமேட்டு மீன் கடைகளில் தட்டுத் தட்டாகத் தின்றவள் நான். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர்... அதனால்தான் சொல்ல முடிகிறது.

எங்கள் கல்லூரியில் உணவியல் படிக்கும் முதலாண்டு மாணவிகளுக்கு ஒரு குழு உண்டு. அதற்கு இரண்டு தலைவிகள். அவர்களை அறிமுகப்படுத்தும் நாளில் ஒரு வழக்கம். தலைவியின் வீட்டுச் சமையல் மேடைக்கு வரும். அறிமுகம் செய்பவள் எல்லோர் முன்னாலும் முதல் வாய் சாப்பிட வேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது... விழுந்தது என்ன, நானே கேட்டு வாங்கினேன். காலடிப்பேட்டைப் பெண் நன்றாகப் பேசுகிறாள் என்று பெயர் வாங்கும் ஆசை!

முதல் தலைவி ஃபரிதா, வண்ணாரப்பேட்டைக்காரி. அவள் வீட்டுத் தால்ச்சாவை வழித்துத் தின்றேன். அரங்கமே சிரித்தது.

அடுத்தவள் கலைச்செல்வி, எண்ணூர் முகத்துவாரத்துப் பெண், என் உயிர்த்தோழி. அவள் அம்மா முனியம்மா கழிமுகத்து நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பவர். வலை கிடையாது. பிடித்ததைப் போடும் ஓலைப்பையைப் பல்லால் கவ்வியிருப்பார். இதையெல்லாம் அழகழகாகச் சொன்னேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் இருந்த முனியம்மா வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு அவரே இறால் தொக்கோடு மேடையேறி, ஒரு கரண்டி எடுத்து நீட்டினார்.

“ஒரு வாயி துன்னு பாரு கண்ணு. காலைல புட்ச்சது.”

அவர் விரல்களைப் பார்த்தேன். நக இடுக்கெல்லாம் கருப்பு. அந்தத் தண்ணீர் நினைவுக்கு வந்தது... அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, மேலே எண்ணெய் மினுங்கும் தண்ணீர். அந்தப் பக்கத்து இறால் நம் வீட்டுக்குள் வரவே கூடாது என்று என் அம்மா மீன்காரியிடம் கறாராகச் சொல்வதும் நினைவுக்கு வந்தது. கரண்டி உதடுவரை வந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? நான் பயந்தது தண்ணீருக்கா... அந்த விரல்களுக்கா? தண்ணீருக்குத்தான் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சௌகரியம்! ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது.

“மன்னிச்சிடுங்கம்மா, எனக்கு இறால் ஒத்துக்காது” என்றேன்.

அவ்வளவுதான். முதல் வாய் நின்றது, எல்லா வாயும் நின்றது. ஒருத்திக்கு வயிறு சரியில்லை, இன்னொருத்தி விரதம். ஃபரிதா மட்டும் எழுந்து வந்து சாப்பிட்டாள். முனியம்மாவோ என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! தெரியாமல் கொண்டுவந்துவிட்டாராம். நிறைந்த பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு எண்ணூருக்கு ரயிலேறினார்.

கலையும் மேடையில்தான் இருந்தாள். காசிமேட்டில் என்னோடு ஒரே தட்டில் இறால் தின்றவள் அவள்.

மறுநாள் மதியம் என் முன்னால் ஒரு டப்பா வைத்தாள். உள்ளே கத்திரிக்காய்த் தொக்கு. அவள் அம்மா எனக்கென்று தனியாகச் செய்து அனுப்பியது. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அவள் என்னை முந்திக்கொண்டாள்.

“எனுக்குத் தெரியும். எங்கம்மா கைல மட்டும் சொல்லிடாத.”

திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம்... இரண்டும் இல்லை. என் பொய்யை அவள் எனக்காகக் காக்கவில்லை, அம்மாவுக்காகக் காக்கிறாள். நான் உண்மையைச் சொன்னால் என் பாரம் குறையும், அது அந்தத் தாயின் மேல் போய் விழும். சொல்லவும் வழியில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள்!

டப்பா இன்றும் வந்தது. கத்திரிக்காயை அந்த விரல்கள்தான் நறுக்கியிருக்கும். கலை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டும் மிச்சமில்லாமல் தின்றேன். டப்பா காலியாகத் திரும்பினால் முனியம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷமாம்.