யாருக்கும் சொந்தமில்லாத நம்பர்

தாம்பரத்தில் நான் வளர்ந்த தெருவில் பெண்பிள்ளைகளின் செல் நம்பரை ரீசார்ஜ் கடையில் சொல்லக் கூடாது. யாரும் போட்ட சட்டமில்லை. சொன்னவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். நம்பரைச் சொல்லிவிட்டு வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எவனாவது கூப்பிட்டு ‘சாப்டீங்களா?’ என்பான். அதனால் அப்பாவோ அண்ணனோ போய்த்தான் ரீசார்ஜ் செய்துவருவார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தொல்லையே இல்லை. பெண்களுக்குப் போனே கிடையாது. இருந்த ஒரே போன், ஸ்கூல் வேன் ஓட்டிய அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. நான் பல்லாவரத்தில் தோல் பை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். சொந்தமாகச் சம்பாதிக்கிறேனே என்று ஒருநாள் போன் கேட்டேன். “யார்கிட்ட பேசப் போற?” என்றார்.

பேச வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். என் தங்கை. நாவலூரில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி வளாகத்தில், வீடு பார்க்க வருகிறவர்களுக்கு விவரம் சொல்லும் வேலையில் இருந்தவள், அங்கே ஒயரிங் செய்ய வந்த எலக்ட்ரீஷியனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். வேறு சாதி. அதோடு, கல்யாணம் ஆகாத அக்கா நான் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது. எனக்காகக் கோபப்பட்டவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். எனக்குத்தான் அந்தக் கோபம் வரவில்லை. அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கை கழுவிக்கொண்டே, “அவ பேச்சு இனிமே இந்த வீட்ல வேணாம்” என்றார். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கடிதம் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் தெரு போஸ்ட்மேன் வீட்டுக்கெல்லாம் வர மாட்டார், வழியில் அப்பாவின் வேனைப் பார்த்தால் கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்த எலக்ட்ரீஷியன் நம்பரை எழுதி வைத்துக்கொண்டு, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இருந்த காயின் போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். ரயில் வரும் சத்தத்தில் பாதி கேட்காது. மீதிப் பாதியில் அவள் அழுவாள். கொஞ்ச நாளில் அவனுக்கு ஐதராபாத்தில் வேலை வந்தது. அந்தக் காலத்தில் மாநிலம் மாறினால் ரோமிங்குக்குப் பயந்து சிம்மை மாற்றிவிடுவார்கள். வேலை முடிந்தால் ஊர் மாறும், ஊர் மாறினால் நம்பர் மாறும்.

வழி சொன்னது மேற்குத் தாம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அக்கா. மாடியில் ஒரே அறை, பலகை அடித்துப் பிரித்த தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். ஈமெயில் கணக்கு தொடங்க உட்கார்ந்தேன். செல் நம்பர் கொடு, அதற்கு ஆறு எண்ணில் ஒரு ரகசியக் கோடு அனுப்புவேன், அதைப் போட்டால்தான் கணக்கு என்றது. எழுந்துவிட்டேன். அப்பாவின் சட்டைப்பைக்குப் போகும் கோடு எனக்கு எதற்கு?

“ஏய், குந்து” என்றாள் அக்கா. “உன் நம்பர் எதுக்கு குடுக்கிற? என் நம்பரையும் குடுக்க மாட்டேன். எவனாச்சும் ராத்திரியெல்லாம் அடிச்சிக்கினு இருப்பான், பேஜாரு. இங்க பாரு, ஓசி நம்பர் கீது.”

ஒரு வெப்சைட்டைத் திறந்தாள். ஏதேதோ தேசத்து நம்பர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தட்டினால், அந்த நம்பருக்கு வந்த மெசேஜ் எல்லாம் திரையில் திறந்து கிடக்கும். போன் கிடையாது, சிம் கிடையாது, யாருக்கும் சொந்தமில்லாத நம்பர். எந்த ஊர்க்காரனுடையதோ பாங்குக் கோடு, எவளுடையதோ சாட்டிங் கோடு, எல்லாம் சந்தையில் பரப்பியது மாதிரி. அதற்கு நடுவில் எனக்கான ஆறு எண்களும் வந்து விழுந்தன. உலகமே பார்க்கலாம், அப்பா மட்டும் பார்க்க முடியாது. அன்றைக்கு எனக்கு அதைவிட நல்ல பூட்டு எங்கேயும் இல்லை என்று தோன்றியது. அக்கா அங்கே வரும் எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் கணக்கு தொடங்கிக் கொடுத்தாள்.

தங்கைக்கு இன்னொரு கணக்கு வேண்டுமே என்றதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது. “ரெண்டு எதுக்கு? பாஸ்வேர்ட அவளுக்கும் சொல்லிடு. மெயிலு அனுப்பவே வேணாம். எழுதி அப்படியே டிராஃப்ட்ல வுட்டுடு. அவ வந்து படிச்சிட்டு அதுக்குக் கீயவே எழுதுவா. அனுப்பினாத்தான மாட்டிக்குவ?”

அவர்கள் ஐதராபாத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே பாஸ்வேர்டைக் காயின் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள், ஆபீஸ் விட்டு ரயிலில் இறங்கியதும் அந்த மாடி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தப்பும் தவறுமாக எழுதுவாள். ஐதராபாத் புளி புளிக்கவே இல்லை என்பாள். பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்காரி என்பாள். ஒருநாள், நாள் தள்ளிப்போயிருக்கிறது, அம்மாவிடம் மட்டும் சொல் என்று எழுதியிருந்தாள். வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “கடையில கூட்டமா?” என்றாள். தங்கையிடமிருந்து ஏதாவது உண்டா என்பதற்கு அவள் கேட்கும் கேள்வி அது. காதோரம் குனிந்து சொன்னேன். கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய், கொல்லைப்புறக் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். எனக்கும் அழுகை வந்தது. நான் சந்தோஷமாக இருந்த கடைசி நாட்கள் அவைதான், அதனால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எழுதியதில், புனே பக்கம் போகிறோம், போய்ச் சேர்ந்ததும் புது நம்பரும் விலாசமும் இதிலேயே எழுதுகிறேன் என்று இருந்தது. அடுத்த தடவை போனபோது புதிதாக ஒன்றும் இல்லை. இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள் என்று இறங்கி வந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் அம்மா குளியலறையில் விழுந்தாள். முதலில் வெறும் மயக்கம் என்றார்கள். அப்புறம் வயிற்றில் கட்டி என்றார்கள், முற்றிப்போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. பகலும் இரவும் கூட இருக்க என்னை விட்டால் ஆள் இல்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் கட்டிலுக்கு அடியிலேயே பாய் போட்டுக் கிடந்தேன். பிரவுசிங் சென்டர் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. ஒருநாள் அப்பா காபி வாங்கப் போன நேரத்தில் அம்மா என் கையைப் பிடித்தாள். கடையில் கூட்டமா என்றெல்லாம் கேட்கவில்லை.

“அவள வரச் சொல்லு. ஒரு தடவ பாத்துட்றேன்.”

“சொல்றேம்மா” என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அந்த மாடிக்கு ஓடினேன். பாஸ்வேர்டைப் போட்டேன். திறக்கவில்லை. வழக்கமில்லாத இடத்திலிருந்து யாரோ நுழையப் பார்த்திருக்கிறார்கள், பாதுகாப்புக்காகக் கணக்கை மூடி வைத்திருக்கிறோம், நீங்கள் கொடுத்த செல் நம்பருக்குக் கோடு அனுப்புகிறோம், அதைப் போடுங்கள் என்றது. நான் கொடுத்த செல் நம்பராம்! அக்காவும் நானும் அந்த வெப்சைட்டைத் தேடித் திறந்தோம். நம்பர் இருந்தது. அதன் மேல் சிவப்பாக, இனி இதற்கு மெசேஜ் வராது என்று போட்டிருந்தது. பழைய மெசேஜ்களை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தார்கள். கீழே தள்ளிப் பார்த்தேன்.

எங்கள் மெயில் கம்பெனியின் கோடுகள். ஒன்றல்ல, பல. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்திருந்தன. நான் கேட்காத கோடுகள். புனேயில் எந்தக் கடையிலோ வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே விடு, உள்ளே விடு என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். யாரோ நுழையப் பார்த்தார்கள் என்றானே, அந்த யாரோ அவள்தான். அவளுக்கான சாவி இந்தப் பக்கத்தில் ஊர் உலகமெல்லாம் பார்க்கக் கிடந்திருக்கிறது. இப்படி ஒரு பக்கம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பாஸ்வேர்டு இருக்கும்போது அதை எதற்குச் சொல்வேன்? நான் அந்தப் பலகைத் தடுப்பின் மேல் தலையை வைத்து அழுதேன். பக்கத்துத் தடுப்பில் இருந்தவன் எழுந்து போய்விட்டான்.

அக்காவுக்கும் கை ஓடவில்லை. வேறு ஓசி நம்பர்களைப் போட்டுப் பார்த்தாள், பழைய நம்பர்தான் வேண்டும் என்றது. கணக்கு உங்களுடையதுதான் என்று நிரூபியுங்கள் என்று ஒரு பக்கம் வந்தது. இந்தக் கணக்கிலிருந்து நீங்கள் அடிக்கடி மெயில் அனுப்பும் விலாசங்கள் எவை?

நாங்கள் யாருக்கும் ஒன்றையும் அனுப்பியதில்லை.

“அய்ய, ஒண்ணு கூடவா அனுப்பல நீ?” என்றாள் அக்கா. அனுப்ப வேண்டாம் என்று சொன்னது அவள்தான் என்பது சட்டென்று உறைத்து, வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எனக்குக் கோபமெல்லாம் பாதுகாப்பு என்ற வார்த்தையின் மேல். பெண்ணின் நம்பர் வெளியே போகாமல் பாதுகாப்பு, பெண்ணின் பேச்சு அப்பன் காதுக்குப் போகாமல் பாதுகாப்பு, கடைசியில் கம்பெனிக்காரன் தன் பங்குக்கு ஒரு பாதுகாப்பு. இத்தனை பாதுகாப்பும் சேர்ந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தெருவில் நிறுத்திவிட்டது. கதவைச் சாத்தியது நான்தான் என்று அவள் நினைத்திருப்பாள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள், கூடப் பிறந்த அக்காவும் கைவிட்டுவிட்டாள் என்று. இன்றும் எங்கோ அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ.

அவள் புருஷனின் கூட்டாளி ஒருத்தன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஃபேன், மிக்ஸி பரப்பி விற்பான். அந்த வெள்ளிக்கிழமை வெயிலில் அவனைத் தேடிப் பிடித்தேன்.

“அக்கா, அவன் பழைய நம்பரு ஸ்விட்ச் ஆஃப்ல கீது. நானே தேடிக்கினு கீறேன்” என்றான். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

அம்மா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. பேச்சு நின்றபின், கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டுவாள். திருப்பி வைப்பேன். ஒரு விடியற்காலையில் போய்விட்டாள்.

வீட்டு வாசலில் சாமியானா போட்டார்கள். ஐஸ் பெட்டி வந்தது. மதியத்துக்குள் எடுத்துவிடலாம் என்று சித்தப்பா சொன்னதற்கு அப்பா தலையாட்டவில்லை. “சாயந்திரம் பாத்துக்கலாம்” என்றார். சாயந்திரம் ஆனது. எப்போது எடுக்கிறார்கள், யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று நாற்காலிகளில் முணுமுணுத்தார்கள். தெருமுனையில் ஆட்டோ நிற்கும் போதெல்லாம் அப்பா எழுந்து நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அது புரிய வெகுநேரம் ஆனது. புரிந்ததும் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, “எடுத்துடலாம்பா” என்றேன்.

“அவ வரட்டும்” என்றார் மெதுவாக. “நீ அந்த மாடிக்குப் போறது எனக்குத் தெரியாதா? என் வேனு அந்தப் பக்கம்தானே போவுது. இன்னைக்கு நைட்டு ரயில்ல ஏறினாக்கூட நாளைக்கு வந்துடுவா. வைக்கலாம்.”

“அவ வரமாட்டாப்பா.”

“வரமாட்டேன்னுட்டாளா?”

“இல்லப்பா. அவளுக்குத் தெரியாது.”

டிராஃப்ட்டையும் கோடையும் சிவப்பெழுத்தையும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?  அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“நான்தான் கல்நெஞ்சக்காரன்” என்றார். “நீ ஏம்மா அவளுக்குச் சொல்லாம விட்ட?”